கேன்சர் மாத்திரை மாரடைப்பைத் தடுக்குமாம்: செய்தியைச் சரிபார்ப்பது எப்படி?

எங்கள் மெடிக்கல் ஷாப்பில் மெத்தோட்ரெக்சேட் அட்டையை நான் அப்படியே எடுத்து நீட்டமாட்டேன். பின்பக்கம் பேனாவால் ‘செவ்வாய் மட்டும்’ என்று பெரிதாக எழுதி, வாங்குபவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டிய மாத்திரை இது. தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். புற்றுநோய்க்குக் கீமோவாகக் கொடுப்பதும் இதே மருந்துதான்; அங்கே அளவு அதிகம்.

இந்த மருந்தைத்தான், “அக்கா, ஹார்ட் அட்டாக்கையும் தடுக்குமாம், அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு, ஒரு அட்டை குடுங்க” என்று வாட்ஸ்அப்பைக் காட்டிக் கேட்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன். வெறுமனே மறுத்தால் அடுத்த கடைக்குப் போவார்கள் என்பதால், செய்தியை எப்படிச் சோதிப்பது என்று அங்கேயே சொல்லிக் கொடுக்கிறேன்.

முதல் கேள்வி: மருந்து கொடுத்துப் பார்த்தார்களா, அல்லது ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களைக் கணக்கெடுத்தார்களா? மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் முடக்குவாதக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பல கணக்கெடுப்புகள் சொல்லியிருந்தன. ஆனால் கல்லீரலோ சிறுநீரகமோ கெட்டவர்களுக்கு டாக்டர் இதை எழுதவே மாட்டார். சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே கொஞ்சம் தேறினவர்கள். புண்ணியம் மருந்துக்கா, உடம்புக்கா என்று கணக்கெடுப்பால் பிரிக்க முடியாது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, ஒரு பக்கம் மருந்தும் மறுபக்கம் வெற்று மாத்திரையும் கொடுத்தால்தான் தெரியும்.

அப்படி நடந்ததா என்று பார்க்க, மருந்துச் சோதனைகளுக்கென்றே இணையத்தில் பதிவேடு இருக்கிறது. அமெரிக்கப் பதிவேட்டு எண் ‘என்சிடி’ (NCT) என்று தொடங்கும். நம் நாட்டுச் சோதனைகளுக்கு சிடிஆர்ஐ (CTRI) என்ற பதிவேடு. இரண்டையும் யாரும் இலவசமாகத் தேடலாம். என்சிடி01594333 என்று போட்டால் ‘சர்ட்’ என்ற சோதனை வரும். மெத்தோட்ரெக்சேட் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்க்க, பாஸ்டனின் இதயநோய் ஆய்வாளர் பால் ரிட்கரின் குழு நடத்தியது, முடிவு 2018 நவம்பரில் வெளியானது. (இந்த வகை மருந்தை முதலில் செய்த லெடர்லே என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வகக் குழுத் தலைவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். அதைச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.)

அடுத்து, யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். சர்ட்டில் 4,786 பேர். எல்லோருக்கும் ஏற்கெனவே மாரடைப்போ பல ரத்தக்குழாய்களில் அடைப்போ இருந்தது. கூடவே சர்க்கரை நோய் அல்லது மெட்டபாலிக் சிண்ட்ரோம் (தொப்பை, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு என்று பல கோளாறுகள் சேர்ந்த நிலை). ஒரு பாதிக்கு வாரம் 15 முதல் 20 மில்லிகிராம் மருந்து, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் இரு பக்கத்துக்கும் உண்டு.

பிறகு, எதை எண்ணினார்கள்? இங்கேதான் நிதானம் வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் என்பதுதான் முதலில் வைத்த கணக்கு. அவசரமாக அடைப்பு நீக்க வேண்டிவந்த நெஞ்சுவலியைக் கடைசிக் கட்டத்தில் சேர்த்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே சேர்த்ததால் அதில் தப்பில்லை. பார்த்தபின் மாற்றியிருந்தால் நான் அந்த முடிவை நம்பமாட்டேன்.

இப்போது தலைகளை எண்ணுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் மருந்துப் பக்கம் 201 பேர், வெற்றுப் பக்கம் 207 பேர். எத்தனை நாள் கவனித்தார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இதை ‘4 சதவீதம் குறைத்தது’ என்று எழுதினாலும் பொய்யில்லை, அதனால்தான் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன். பக்கத்திலேயே 0.79 முதல் 1.16 என்று ஒரு வீச்சு இருக்கும். வெற்றுப் பக்கத்தின் ஆபத்தை 1 என்று வைத்தால், மருந்துப் பக்கத்தின் ஆபத்து எதற்குள் இருக்கலாம் என்பதுதான் அது. 1-க்குக் கீழே நன்மை, மேலே தீமை. இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தால் பலன் நிரூபணமாகவில்லை. நெஞ்சுவலியைச் சேர்க்காத முதல் கணக்குப்படி பார்த்தால் மருந்துப் பக்கம் 170, வெற்றுப் பக்கம் 167, மருந்துப் பக்கமே மூன்று பேர் கூடுதல். சராசரியாக இரண்டு வருஷம் சொச்சத்திலேயே சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

பக்கவிளைவுப் பத்தியை யாரும் ஃபார்வேர்ட் செய்வதில்லை. கல்லீரல் என்சைம் ஏறியது, வெள்ளணுக்கள் குறைந்தன, சில வகைத் தோல் புற்றுநோய் கூடியது.

காரணத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ரத்தக்குழாய் அழற்சியைக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்பது எண்ணம். 2017-ல் அதே ரிட்கர் குழு கனகினுமாப் ஊசியை வைத்து அது நடக்கும் என்று காட்டியது. மெத்தோட்ரெக்சேட்டோ சர்ட்டில் சேர்ந்தவர்களிடம், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவைக் கூடக் குறைக்கவில்லை. எண்ணம் சரி, இந்த மருந்து அதைச் செய்யவில்லை.

முடக்குவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ இதைச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். உங்கள் நோய்க்கு அது வேலை செய்யும். டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்டையில் கிழமை எழுதியிருக்கவில்லை என்றால், வாங்கின கடையில் கேட்டு எழுதி வாங்குங்கள்.