மேலிடத்து உத்தரவில் மாட்டிக்கொண்டவர் பழங்கதைகளைப் படிக்கும் விதம்

செய்தால் மனசாட்சி கேட்காது, செய்யாவிட்டால் வேலை போகும் என்கிற நிலைமையில் இருப்பவருக்குப் பழைய காப்பியங்கள் நிஜமாகவே கை கொடுக்கும். ஆனால் உச்சக்கட்டத்திலிருந்து படிக்க ஆரம்பிக்கக் கூடாது.

சிலப்பதிகாரம் என்றதும் நாம் நேராகக் கண்ணகி சிலம்பை உடைக்கும் இடத்துக்குப் போய்விடுகிறோம். அதற்குள் கோவலன் செத்தாயிற்று. அதற்கு முன்னால் வரும் கொலைக்களக் காதையை எடுத்து, உத்தரவு எந்தெந்தக் கை வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கோவலன்மேல் புகார் சொல்கிறான். அரசியின் ஊடலைத் தணிக்கப் போகிற அவசரத்தில் பாண்டியன், சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்று சொல்லிவிடுகிறான். காவலர்களுக்கோ கோவலனைப் பார்த்ததுமே இவன் கொலைப்படும் ஆள் இல்லை என்று படுகிறது, வாய்விட்டும் சொல்கிறார்கள். பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்களை நீட்டி முழக்கி அவர்களைக் குழப்புகிறான், கடைசியில் கல்லாத களிமகன், அதாவது குடிகாரக் காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சந்தேகப்பட்டவர்களில் ஒருவர்கூட அரசனிடம் திரும்பிப் போகவில்லை.

அடுத்து, யாரும் செய்யாத சோதனை எது என்று தேடுங்கள். இங்கே அது சிலம்பின் பரல். உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று ஒரே ஒரு கேள்வி, அதைக் கண்ணகி வந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

இதே கண்ணோடு 1986 ஜனவரி 27 இரவைப் பாருங்கள். சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் ராக்கெட்டைச் செய்த நிறுவனத்துப் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, நாளைக்கு ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா தரப்பிலிருந்து அழுத்தம் வர, நிறுவனத்து மேலாளர்கள் தனியாகப் பேசிவிட்டு வந்து சம்மதம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் 73 விநாடியில் ஓடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். சந்தேகம் கீழே இருந்தது, முடிவு மேலே இருந்தது, நடுவில் இருந்தவர்கள் வழியை அடைத்தார்கள். உங்கள் இடத்தில் அந்த நடு ஆள் யார் என்று தாளில் பெயரோடு எழுதுங்கள். அது நீங்களாகவே இருக்கலாம்.

அப்புறம் ஒரு முக்கியமான பிரிவினை. பாண்டியனுக்கு உண்மை தெரியாது, தெரிந்ததும் 'யானே கள்வன்' என்று உயிரையே விட்டான். கிரேக்கக் கதையில் வரும் கிரயோன் என்ற அரசனுக்கு எல்லாம் தெரியும். அந்திகோனி என்ற பெண்ணின் அண்ணனைப் புதைக்கக் கூடாது என்று ஆணை போட்டவன் அவன், அதை மீறினது அவள்தான் என்று தெரிந்தே தண்டிக்கிறான், தன் மகன் ஹைமன் வாதாடியும் கேட்கவில்லை, மனம் மாறும்போது நேரம் கடந்துவிட்டது. உங்கள் மேலதிகாரி எந்த வகை என்று முதலில் தீர்மானியுங்கள். பாண்டியன் வகை என்றால் ஆதாரத்தை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், இடையில் யார் கையிலும் கொடுத்து அனுப்பாதீர்கள். கிரயோன் வகை என்றால் இன்னும் பத்து ஆதாரம் திரட்டுவது வீண்வேலை. உத்தரவை எழுத்தில் கேளுங்கள், உங்கள் மறுப்பையும் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். கூட்டத்துக்குப் போகும் முன்பே உங்களோடு பேச இன்னொருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். திரௌபதிக்காகக் கௌரவர்களில் விகர்ணன் ஒருவன்தான் எழுந்தான், தனி ஆளாக இருந்ததால் கர்ணன் அவனைச் சின்னப் பையன் என்று அடக்கிவிட முடிந்தது.