முள்ளின் நுனி எங்கே?

போன வாரம் எங்கள் எலுமிச்சைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்குப் புதிதாக வந்த பையன், விரலில் ஏறிய முள்ளைப் பிடுங்கி வீசிவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விட்டான். "முள்ளை எங்கடா போட்ட?" என்றேன். ஏன் கேட்கிறேன் என்றே அவனுக்குப் புரியவில்லை. ஒருகாலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். கையுறை, செருப்பு பற்றியெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். முள் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லா முள்ளும் ஒன்று என நினைப்பது

ரோஜா முள் மேல்தோலில் முளைத்தது. பக்கவாட்டில் அழுத்தினால் கழன்றுவிடும். எலுமிச்சை முள் இலைக் கக்கத்தில் வளர்ந்த கிளை, உள்ளே கட்டை ஓடுகிறது. ஈச்சம் முள்ளோ, மட்டையின் அடிப்பக்கத்து இலைகளே இறுகிக் கூரானது. பின்னால் சொன்ன இரண்டும் ஆழமாக இறங்கும். காய்ந்திருந்தால் உள்ளேயே ஒடியும்.

நுனி ஒடிந்ததைக் கவனிக்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. காய்ந்த எலுமிச்சை முள் ஒன்று என் நடுவிரல் மூட்டில் இறங்கியது. பிடுங்கினேன், ரத்தம் ஒரு பொட்டு, அவ்வளவுதான். மூன்றாம் நாள் வலி போய்விட்டது. மூன்றாம் வாரம் மூட்டு நெல்லிக்காய் போல வீங்கியது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். முள் என்பது செடியின் பாகம், உலோகமோ எலும்போ அல்ல. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. மாத்திரை தின்றால் வீக்கம் வடியும், விட்டால் திரும்பும். இரண்டு மாதம் இப்படியே போனது. கடைசியில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில்தான் முள்ளின் நுனி அகப்பட்டது. அறுவை செய்து எடுத்தார்கள். அந்த விரல் இன்றும் முழுசாக மடங்குவதில்லை.

அதனால் பிடுங்கிய முள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி மொட்டையாக இருந்தால் மிச்சம் உள்ளே இருக்கிறது. மூட்டருகே என்றால் காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் "முள் குத்தியது, நுனி வரவில்லை" என்று நீங்களே சொல்லுங்கள். வாரக்கணக்கில் கழித்துப் போனால் அந்தச் சம்பவமே நினைவுக்கு வராது. வெந்நீரில் ஊறவைக்கவும் வேண்டாம். முள் ஊறி நைந்தால் துண்டு துண்டாகத்தான் வரும்.

முள்ளை முள்ளால் எடுப்பது

பழமொழிக்குச் சரி. விரலுக்குக் கொதிக்கவைத்த ஊசியும் கூரான இடுக்கியும்தான்.

எருக்கம்பால் வைப்பது

வேண்டாம். கை தவறிக் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும்.

சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் துண்டில் துடைப்பது

பெரிய முள்ளைப் பார்த்து ஒதுங்கும் ஆட்கள், அதன் அடியில் கொத்தாக இருக்கும் பூமுள்ளைப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றும் மயிரிழைதான், ஆனால் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. துண்டில் ஒட்டி, அதே துண்டால் முகம் துடைக்கும்போது இமையில் ஏறும். கையில் ஏறினால் இடுக்கியால் முடிந்தவரை எடுத்துவிட்டு, வெள்ளைப் பசை தடவி மேலே மெல்லிய துணி ஒட்டி, காய்ந்ததும் உரித்தெடுங்கள்.

டிடி (டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பு) ஊசியைத் தள்ளிப்போடுவது

கடைசி ஊசி போட்டு 5 வருஷம் ஆகிவிட்டதா? மண் பட்ட முள் என்றால் அன்றே போங்கள்.

அந்தப் பையனின் முள்ளை மரத்தடியில் இருவருமாகத் தேடி எடுத்தோம். நுனி முழுசாக இருந்தது. ஊசிக்கு மட்டும் அனுப்பினேன்.