மரம் வாடினால் முதலில் தூரைப் பாருங்கள்

வாசலில் நிற்கும் புங்கனோ வேம்போ உச்சியிலிருந்து காய ஆரம்பித்தால், உடனே ஒரு கூடை உரத்தைப் போட்டு இரண்டு குடம் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுகிறோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது. இலை சிறுப்பதும் நுனிக்கிளை பட்டுப்போவதும் தண்ணீர் போதாமலும் வரும், தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத்திணறினாலும் வரும். ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். சொதசொதவென்று நாறினால் ஊற்றுவதை நிறுத்த வேண்டும்.

அப்புறம் தூர். நல்ல மரத்தின் அடி, மண்ணைத் தொடும் இடத்தில் அகன்று வேர்களாகப் பிரியும். கம்பம் நட்டது போல நேராக இறங்கினால், ஆழமாக நட்டிருக்கிறார்கள் அல்லது பிறகு மண்ணைக் குவித்திருக்கிறார்கள். ஈரத்திலேயே கிடக்கும் பட்டை அழுகிவிடும். கடப்பாரை வேண்டாம், கைக்கொத்தால் மெதுவாக, வேர் பிரியும் இடம் தெரியும்வரை மண்ணை விலக்குங்கள்.

அடிமரத்தின் ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இருந்தால், உள்ளே ஒரு வேர் கயிறு போலச் சுற்றி இறுக்கிக்கொண்டிருக்கலாம். இது பெரும்பாலும் நர்சரிப் பையிலேயே ஆரம்பித்துவிடும். நடும்போதே சுருண்ட வேர்களை நாலு பக்கமும் கத்தியால் கீறிவிட்டால் போதும். இளமரத்தில் அந்த வேரை வெட்டி எடுத்துவிடலாம். பெரிய மரத்தில் அது பட்டைக்குள் புதைந்திருந்தால் பிடுங்காதீர்கள். இரு பக்கமும் அறுத்து, நடுத்துண்டை அப்படியே விடுங்கள்.

எனக்கு மனம் பொறுக்காதது சிமென்ட். உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடிக்குள், கிளைநிழலையும் தாண்டிப் பரவி இருக்கிறது. தூர்வரை பூசினால் காற்றும் நீரும் எங்கே போகும்? மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை அகற்றும்படி 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு உத்தரவிட்டது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயலில் சென்னையின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, வேர்ப்பிடிப்பு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது தடித்த வேர்களை வெட்டிவிட்டு, மரம் பச்சையாகத்தானே நிற்கிறது என்று விட்டுவிடுவார்கள். இலை வாட வருஷக்கணக்கில் ஆகலாம். பிடிமானமோ அன்றைக்கே போய்விடுகிறது. அடிமரத்தின் குறுக்களவைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் வெட்டவே கூடாது. தூரில் கெட்டியான தட்டுக்காளான் முளைத்திருந்தால் உள்வேர் அழுகியிருக்கக்கூடும். காளானைக் கிள்ளி எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்காமல், மழைக்காலத்துக்கு முன்பே மரம் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.