கண்ணில் குழாய் வைத்தால் ஆறு வாரம் எண்ணுங்கள்

அப்பாவுக்குக் கிளாக்கோமா, அதாவது கண்ணுக்குள் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பை நைக்கும் நோய். வலது கண்ணில் முன்பு செய்த ஆபரேஷனின் வழி அடைத்துக்கொண்டது. மூன்று சொட்டு மருந்து போட்டும் பிரஷர் 32-ஐ விட்டு இறங்கவில்லை. "டியூப் வைத்துவிடலாம்" என்றார் டாக்டர். வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வைக்கப்போகும் கருவி எது என்று முதலிலேயே கேளுங்கள். கண்புரை ஆபரேஷனோடு வைக்கும் ஒரு மில்லிமீட்டர் டைட்டானியம் ஸ்டென்ட் (நீர் வடிய வழிவிடும் நுண்குழாய்) உண்டு. அமெரிக்காவில் 2012-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் அது நோய் முற்றாதவர்களுக்கு. அப்பாவுக்கு வைத்தது மதுரை ஆரோலேப் செய்யும் ஏ.ஏ.டி.ஐ. கண்ணின் மேல்புறம், தசைக்கு அடியில், 350 சதுர மில்லிமீட்டர் சிலிகோன் தகடு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கண்ணின் முன்பகுதிக்குள் போகும். கண்ணுக்குள் தேங்கும் நீர் அதன் வழியே தகட்டைச் சுற்றி வடியும்.

இதில் வால்வு கிடையாது. அன்றைக்கே திறந்துவிட்டால் நீர் மொத்தமாக வடிந்து கண் தொய்ந்துபோகும். அதனால் குழாயைக் கரையும் நூலால் கட்டிவிடுகிறார்கள். சிலர் குழாய்க்குள்ளேயே ஓர் இழையைச் செருகி அடைத்து, பிறகு உருவி எடுப்பார்கள். நூல் கரைய ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குள் தகட்டைச் சுற்றி ஒரு சவ்வு வளர்ந்து நீரைத் தடுத்து நிதானமாக விடும். ஆக, ஆபரேஷன் முடிந்தும் குழாய் மூடித்தான் இருக்கிறது. பழைய பிரஷர் மருந்துகளை டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

இது எங்களுக்குப் புரியவில்லை. "ஆபரேஷன்தான் பண்ணியாச்சே, இனி எதுக்குத்தா அந்த மருந்து?" என்று அப்பா இரண்டாவது வாரம் நிறுத்திவிட்டார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அடுத்த செக்கப்பில் 36. ஏற்கெனவே நைந்த நரம்பு. போன பார்வை திரும்பாது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். ஆபரேஷன் தேதி, இன்று எத்தனையாவது நாள், பிரஷர் எவ்வளவு, எந்தச் சொட்டு எத்தனை மணிக்கு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. தூங்கும்போது கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி.

38-ஆவது நாள் காலை, "காலண்டர் தேதி கலங்கலாத் தெரியுதுத்தா" என்றார் அப்பா. நோட்டைப் பார்த்ததும் புரிந்தது: நூல் கரைந்திருக்கிறது. அன்றே கூட்டிப்போனோம். பிரஷர் 6, ஒரேயடியாக இறங்கியிருந்தது. டாக்டர் பிரஷர் மருந்துகளை நிறுத்தி வேறு சொட்டு மாற்றித் தந்தார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது என்றார். பத்து நாளில் தெளிந்தது. ஐந்து, ஆறாவது வாரங்களில் வெளியூர்ப் பயணம் வைக்காதீர்கள்.

மேல் இமையைத் தூக்கினால் வெள்ளையாக ஒரு திட்டு தெரியும். பயப்பட வேண்டாம், குழாய் உறுத்தி வெளியே வராமல் இருக்க மேலே வைத்துத் தைத்த ஒட்டுத் திசு அது. குழாயே வெளியே தெரிந்தாலோ, கடும் வலி, சீழ், திடீர் மங்கல் வந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். ஒன்று இரண்டாகத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தகடு தசைக்கடியில் இருப்பதால் அப்படி ஆகலாம்.

பலன் எப்படி? இதே அளவுத் தகடு கொண்ட பேர்வெல்ட் கருவியை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் குழாய் வைத்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குத் தோல்வி. ட்ராபெகுலெக்டமி (குழாய் வைக்காமல் கண்ணிலேயே நீர் வடிய வழி வெட்டும் ஆபரேஷன்) செய்தவர்களில் சுமார் 47 சதவீதம். வெற்றி பெற்றவர்களிலும் பலருக்குச் சொட்டு மருந்து தொடர்ந்தது. அப்பாவுக்கு இப்போது ஒரே மருந்தில் 14. குழாய் நாளடைவில் கருவிழியின் உள்செல்களைக் குறைக்கக்கூடும் என்பதால், தை மாதச் செக்கப்பில் அதையும் எண்ணிப் பார்க்கச் சொல்லி நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.