மருந்து விளம்பரத்தின் சதவீதத்தைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்துகளுக்கும்கூட டிவியில் விளம்பரம் வரும். பெரிய எழுத்தில் சதவீதம் தெரிந்தால், எதிலிருந்து எதற்குக் குறைந்தது என்று தேடுங்கள்.

கொழுப்பைக் (கொலஸ்ட்ரால்) குறைக்கும் மாத்திரையான லிப்பிட்டாரின் விளம்பரம் மாரடைப்பு அபாயம் 36% குறையும் என்றது. அடியில் பொடி எழுத்தில் இருந்ததுதான் முக்கியம்: ஆய்வில் மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 3% பேருக்கும், லிப்பிட்டார் எடுத்தவர்களில் 2% பேருக்கும் மாரடைப்பு. (3 என்பது 2 ஆனால் 33% குறைவுதானே வருகிறது? முழு எண்ணாக்கியதால் வந்த வித்தியாசம்.) கழித்தால் 1. நூறை அதால் வகுத்தால் 100. அதாவது ஒருவரைக் காக்க ஏறத்தாழ நூறு பேர் மூன்று ஆண்டுக்கு மேல் மாத்திரை சாப்பிட வேண்டும். நூறில் 36 பேர் தப்பிப்பதாக நினைப்பதுதான் வழக்கமான தவறு.

பக்கவிளைவுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்குப் பலன் கூடுதல். ஆகவே மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், "என்னைப் போன்றவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குப் பலன்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.