ஆலன் ட்ரஸ் மரப்பாலத்தில் கட்டை மாற்றுவது எப்படி

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1861 முதல் 400க்கும் மேற்பட்ட மர ட்ரஸ் பாலங்கள் கட்டினார்கள். ட்ரஸ் என்றால் கட்டைகளையும் கம்பிகளையும் முக்கோணங்களாகக் கோத்த, பாரம் தாங்கும் சட்டம். இறக்குமதி இரும்பின் விலை அதிகம். காட்டில் அயர்ன்பார்க் மரம் கிடைத்தது. அதன் வைரம், அதாவது முற்றிய உள்மரம், தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கனம். பழைய வகையில் பழுதான கட்டையைக் கழற்றுவது பெரும்பாடு. பொறியாளர் பெர்சி ஆலன் 1893இல் கொண்டுவந்த வடிவம் அதைத்தான் தீர்த்தது. ஒற்றைப் பெருங்கட்டைக்குப் பதிலாக இரண்டு பலகைக் கட்டைகள், நடுவில் இடைவெளி. ஒன்றைக் கழற்றும்போது மற்றது இருக்கும். காற்று புகுவதால் நீரும் தேங்காது. இரண்டும் சிறிய குறுக்களவு என்பதால் மரத்தின் நெஞ்சை, அதாவது வெடிப்பு தொடங்கும் நடுப்பகுதியை, விலக்கி அறுக்க முடிந்தது. பிக்டன் ஊரின் விக்டோரியா பாலம் (1897) இவ்வகைதான். 1902இல் திறந்த சிட்னி பிர்மான்ட் பாலத்தில் நடுவிலுள்ள சுழலும் பகுதி எஃகு. இருபுறக் கண்கள் (தூணுக்குத் தூண் உள்ள பகுதிகள்) ஆலனின் மர ட்ரஸ். இன்று அதில் நடந்துதான் போகலாம்.

கை வைக்கும் முன், எது இழுபடுகிறது, எது நசுங்குகிறது என்று தெரிய வேண்டும். மேல் உத்தரமும் சாய்கட்டைகளும் அமுக்கத்தில் நிற்கின்றன. கீழ் உத்தரம் இழுவிசையில். செங்குத்தாக இறங்கும் இரும்புத் தொங்கு கம்பிகளும் இழுவிசையில்தான். சாய்கட்டை மரை போட்டுப் பிடிப்பதால் நிற்பதில்லை. கம்பியின் இறுக்கம் அதை வார்ப்பிரும்புக் காலணியில் (கட்டைமுனை உட்காரும் தாங்கியில்) அழுத்தி வைக்கிறது. கம்பி தளர்ந்தால் கட்டை ஆடும், பாலம் தொய்யும்.

சோதனையைக் கண்ணோடு நிறுத்தாதீர்கள். வெளித்தோற்றத்தில் குறையில்லாத கட்டை உள்ளே குழாயாக உளுத்திருக்கலாம். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்றும், உளுத்தது மந்தமாகவும் ஒலிக்கும். சந்தேகம் வந்த இடத்தில் மெல்லிய திருகு துளைப்பானால் துளையிட்டு, வரும் சீவலைக் கவனியுங்கள்: சுருளாக, நிறம் மாறாமல் வந்தால் மரம் நன்று, பொடியாக, ஈரமாக வந்தால் அழுகல், கருவி சட்டென்று உள்ளே விழுந்தால் வெற்றிடம். துளையைத் திறந்தபடி விடவே கூடாது. மருந்தூட்டிய மர ஆப்பு அடித்து மூடாவிட்டால், சோதனைத் துளையே அடுத்த அழுகலின் வாசலாகிவிடும். கட்டைமுனை, போல்ட் துளை, மரம் மரத்தில் உட்காரும் முகம், கரைச்சுவரை ஒட்டிய பகுதி ஆகியவற்றை முதலில் பாருங்கள். நீர் தங்குவது அங்கேதான்; கரையான் மண்கோடும் கரையோரத்தில்தான் ஏறும்.

மாற்றும் வேலை:

1. போக்குவரத்தை நிறுத்துங்கள். ஆற்றில் முட்டு நாட்டியோ, மேலே தற்காலிக எஃகுப் பாலம் போட்டோ, அந்தக் கண்ணின் பாரத்தை எடுத்துவிடுங்கள். மீதிக் கட்டை இருக்கிறதே என்று பாரத்தோடு கழற்றுவது, குறிப்பாகக் கீழ் உத்தரத்தில், தற்கொலைக்குச் சமம்.

2. அந்தக் கண்ணின் நடுவில் உயரத்தை இரு ட்ரஸ்ஸிலும் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் நட்டு நிற்கும் இடத்தைப் பெயின்ட்டால் குறியுங்கள். பழைய பெயின்ட் பெரும்பாலும் ஈயம் கலந்தது. உலர்வாகச் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள், ஆற்றிலும் விழவிடாதீர்கள்.

3. அருகிலுள்ள கம்பிகளைச் சிறிது சிறிதாக, இருபக்கமும் சமமாகத் தளர்த்துங்கள். பிறகு ஒரு பலகைக் கட்டையை மட்டும் எடுங்கள்.

4. புதுக் கட்டையில் வெள்ளையும் (பட்டையை ஒட்டிய வெளிமரம்) நெஞ்சும் இருக்கக் கூடாது. வரை, அதாவது மரநார் ஓடும் கோடு, நீளவாக்கில் ஓட வேண்டும். இழுவிசைக் கட்டையில் வரை சாய்ந்திருந்தால் அந்தச் சாய்விலேயே பிளக்கும். துளைகளை வரைபடம் பார்த்துப் போடாமல், இடத்தில் உள்ள இரும்புத் தகட்டை வைத்தே குறியுங்கள். நூறாண்டுப் பாலத்தில் எதுவும் வரைபடத்தோடு அச்சாகப் பொருந்தாது.

5. கீழ் உத்தரத்தில் இரு பலகைகளின் இணைப்பும் ஒரே இடத்தில் வரக் கூடாது. தள்ளித் தள்ளி வையுங்கள்.

6. முகங்களுக்கும் துளைகளுக்கும் பாதுகாப்பு மருந்து பூசிப் பொருத்துங்கள். கம்பிகளை மறுபடி படிப்படியாக இறுக்கி, எழுதிய உயரத்தோடு ஒப்பிடுங்கள். அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் நடு மேலெழும்பும், வாஷருக்கடியில் மரம் நசுங்கும்.

பொந்தில் சிமென்ட் அடைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது பாரமும் தாங்காது, ஈரத்தையும் உள்ளே பூட்டி வைக்கும். பிறகு துளைப்பானும் இறங்காது.

பச்சை மரம் காயும்போது நீளத்தில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். 300 மி.மீ. கட்டை 10 மி.மீ.க்கு மேலும் இழக்கலாம். இன்று இறுக்கிய நட்டு நாளை தளர்வது அதனால்தான். புதுக் கட்டை போட்ட பாலத்தில் முதல் இரண்டு ஆண்டு, கோடை முடியும்போதெல்லாம் ஸ்பானரோடு போய் எல்லாக் கம்பியையும் போல்ட்டையும் பாருங்கள். வாஷர் கையால் சுழன்றால் அது தளர்ந்துவிட்டது.