வன்னியில் ஓய்வுக்காலம்: வீடு பார்க்க இரவிலும் போங்கள்

கனடா, லண்டன் பென்சனோடு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்திருக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "கள்ளர் பயம் இருக்கா?" என்றுதான். நாடு முழுவதுக்குமான குற்றக் கணக்கைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கொழும்பின் கணக்கு உங்கள் ஒழுங்கைக்குப் பொருந்தாது.

பார்த்த வீட்டுக்கு இரவு எட்டு மணிபோல் ஒருமுறை போய் நில்லுங்கள். றோட்டு லைற் எரிகிறதா? போன் சிக்னல் கிடைக்கிறதா? இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் வெளிநாட்டுக்காரர் வீடுகள், பின்வளவில் ஆளுயரப் பத்தை என்றால் வேண்டாம். உங்கள் படலை தெரிகிற தூரத்தில் சனம் இருக்கும் வீடு, உயர்ந்த மதில் வீட்டைவிட நல்லது. கொண்டாட்டத்துக்குப் போட்ட நகையை வீட்டில் வைக்காதீர்கள். வங்கி லொக்கர் எதற்கு இருக்கிறது?

என்னைக் கேட்டால், கள்ளனைவிடக் காணியில்தான் கூடக் கவனம் வேண்டும். காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, காணிப் பதிவகத்தில் ஒரு சட்டத்தரணியைக் கொண்டு தேடிப் பாருங்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை உறுதிக் காணிபோல விற்க முடியாது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரட்டைக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுக் குடிமக்கள் பொதுவாகக் காணி வாங்கவும் முடியாது. அதற்காக இங்குள்ள உறவினர் பெயரில் எழுதுவது அவரவர் துணிச்சல்!

பத்தைக் காணி என்றால், துப்புரவாக்க முன்னர் கண்ணிவெடி அகற்றிய இடமா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். யானை, பாம்பு பற்றி அயலவர் சொல்வார்கள்.

பொலிஸ் அவசர எண் 119, இலவச அம்புலன்ஸ் 1990. அழைத்தால் வழி சொல்லப் பக்கத்துக் கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ குறித்து வையுங்கள்.